சுரூபம் செய்யும் கைக்கு விசுவாசம் வேண்டுமா?

இத்தாலிய ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய ஜார்ஜியோ வசாரி இரண்டு பேரைப் பற்றி நேர்மாறான செய்திகளைச் சொல்கிறார். தொமினிக் சபைத் துறவி ஃப்ரா ஆஞ்சலிகோ செபம் சொல்லாமல் தூரிகையைத் தொட்டதில்லை. சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவைத் தீட்டும்போதெல்லாம் கண்ணீர் விட்டார். பெருஜினோவுக்கோ மதப்பற்று மிகக் குறைவு; ஆன்மா அழியாதது என்பதை அவரை யாராலும் ஏற்கச் செய்ய முடியவில்லை. வசாரி சொன்னதையெல்லாம் இன்றைய கலை வரலாற்றாளர்கள் அப்படியே நம்புவதில்லை. ஆனாலும் இந்த இரண்டு சித்திரங்களும் ஒரு பழைய கேள்வியைத் தெளிவாக முன்வைக்கின்றன. ஏனென்றால் இருவர் படங்களின் முன்பும் மக்கள் முழந்தாளிட்டார்கள். எது கண்ணீரோடு தீட்டப்பட்டது, எது கூலிக்குத் தீட்டப்பட்டது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடிந்ததாகச் சான்று இல்லை.

கத்தோலிக்கக் கோவிலுக்குச் சுரூபமோ ஓவியமோ செய்து தருபவர் விசுவாசியாக இருந்தாக வேண்டுமா? வேலை பெரிதாகப் பெரிதாக இந்தக் கேள்வியின் கனமும் கூடுகிறது. சிறு சுரூபம் பிடிக்காமல் போனால் சாமான் அறைக்கு மாற்றிவிடலாம். முகப்பை முழுதும் நிறைக்கும் கற்சிற்பத்தையும் சுவரோடு சுவராகப் பதிந்த மொசைக்கையும் அப்படி எடுத்து வைக்க முடியாது. அவை தலைமுறைகளுக்கு அங்கேயே நிற்கும். செய்தவரின் பெயரும் கூடவே நிற்கும்.

உண்மையில் இந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. படைப்பின் தகுதி படைத்தவரின் நிலையைச் சார்ந்ததா? நம்பாதவரால் நம்பிக்கையின் உருவத்தைக் காண முடியுமா? செய்தவர் யார் என்று தெரிந்தபின் மக்களால் அதன் முன் செபிக்க முடியுமா? இதுவரை வந்த விடைகளில் பல, இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பியதால் தடுமாறியவை.

சங்கங்கள் சொன்னதும் சொல்லாததும்

திருவுருவங்களைப் பற்றிய அடிப்படைத் தீர்ப்பு 787ஆம் ஆண்டு இரண்டாம் நீசேயா சங்கத்தில் வந்தது. உருவத்துக்குச் செய்யும் வணக்கம் உருவம் குறிக்கும் ஆளையே சேரும் என்றது சங்கம். அந்த விவாதத்தில் வேலைப் பிரிவினை ஒன்றும் சொல்லப்பட்டது: உருவத்தின் அமைப்பும் பொருளும் திருச்சபைத் தந்தையருக்கு உரியவை, கைத்திறன் மட்டுமே ஓவியருக்கு உரியது. இந்தப் பார்வையில் கைவினைஞரின் அகநிலைக்குப் பெரிய இடம் இல்லை.

1563ஆம் ஆண்டு டிசம்பரில் திரெந்து சங்கம் தன் இறுதி அமர்வில் இதையே மேலும் இறுக்கியது. உருவத்துக்குள் தெய்வீகமோ தனி ஆற்றலோ குடியிருப்பதாக நினைக்கக் கூடாது. வழக்கத்தில் இல்லாத எந்த உருவத்தையும் ஆயரின் ஒப்புதல் இல்லாமல் கோவிலில் வைக்கக் கூடாது. காமத்தைக் கிளறும் அழகும் கூடாது. எல்லாம் படைப்பைப் பற்றிய விதிகள். படைப்பவரின் விசுவாசத்தைச் சோதிக்கும்படி அங்கே எதுவும் இல்லை. 1573இல் வெனிஸின் விசாரணை மன்றம் ஓவியர் வெரோனேசேயை அழைத்தபோதும் முக்கியமாகக் கேட்டது இதுதான்: கடைசி இராவுணவுப் படத்தில் கோமாளிக்கும் ஜெர்மானியப் படைவீரருக்கும் என்ன வேலை? வெரோனேசே படத்தின் தலைப்பை மாற்றி, லேவி வீட்டு விருந்து என்று பெயரிட்டார். வழக்கு அதோடு ஓய்ந்தது.

கிழக்கத்திய மரபு வேறு வழியில் போனது. 1551இல் மாஸ்கோவில் கூடிய நூறு அதிகாரச் சங்கம், திருவோவியம் தீட்டுபவர் பணிவும் சாந்தமும் பக்தியும் உள்ளவராக இருக்க வேண்டும் என்று வகுத்தது. தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. ஸ்தபதி கடைப்பிடிக்க வேண்டிய நியமங்களைச் சிற்ப நூல்களும் சொல்கின்றன, கண் திறப்பும் அவர் கையாலேயே நடக்கிறது. கத்தோலிக்க முறையில் சுரூபத்தை மந்திரிப்பவர் குருவானவர். அந்தச் சடங்கில் சிற்பிக்குப் பங்கு இல்லை. உளியைக் கீழே வைத்தவுடன் அவர் வேலை முடிகிறது. சிற்பியிடம் விசுவாசத்தைக் கேட்கும் கத்தோலிக்கக் குரல்கள், ஆகவே, சடங்கை விட்டு வேறொரு காரணத்தைத் தேட வேண்டியிருந்தது.

சட்டம் இப்படி இருந்தும், போர்த்துக்கீசியரின் கோவாவில் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கூடிய மாகாணச் சங்கங்கள், கிறிஸ்தவரல்லாத கைவினைஞர்கள் திருவுருவங்கள் செய்வதற்குத் தடை விதித்தன. தடையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்ததே அது காற்றில் பறந்ததைக் காட்டுகிறது. கோவாவிலும் இலங்கையிலும் தந்தத்தில் செதுக்கப்பட்ட உருவங்கள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. குறிப்பாக நல்ல ஆயன் உருவம்: மலைப்பாறை மேல் கால்மடித்து அமர்ந்த குழந்தை இயேசு, கன்னத்தில் கையூன்றிக் கண்மூடியிருக்கிறார், தோளில் ஓர் ஆடு, மடியில் ஓர் ஆடு, கீழே அடுக்கடுக்காக ஊற்றும் மந்தையும். அந்த அமர்வில் புத்தரின் சாயலையும் ஆயர்பாடிக் கண்ணனின் சாயலையும் பல ஆய்வாளர்கள் காண்கிறார்கள். செய்தவர்களின் பெயரோ மதமோ பெரும்பாலும் பதிவாகவில்லை.

விசுவாசமே முதல் தகுதி

விசுவாசம் கட்டாயம் என்ற நிலைப்பாடு முழு வடிவம் பெற்றது 20ஆம் நூற்றாண்டில்தான். பிரெஞ்சு மெய்யியலாளர் ஜாக் மாரித்தேன் 1920இல் வெளியிட்ட கலையும் ஸ்கொலாஸ்திக் தத்துவமும் பற்றிய நூலில் இதைச் சுருக்கமாகச் சொன்னார்: கிறிஸ்தவக் கலை வேண்டுமானால் முதலில் கிறிஸ்தவராக இரு, பிறகு அழகான வேலையைச் செய், வேலையைக் கிறிஸ்தவமாக்க வலிந்து முயலாதே. அவர் பார்வையில் பக்தி பூசப்படும் சாயம் அல்ல, வேரிலிருந்து ஏறும் சாறு.

திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இன்னும் கடுமையாகச் சென்றார். திருவழிபாட்டு இசை பற்றி 1955 டிசம்பரில் விடுத்த சுற்றுமடலில், விசுவாச உண்மைகளை ஏற்காத கலைஞரும், நடத்தையால் கடவுளைவிட்டு விலகியவரும் சமயக் கலையில் கைவைக்கவே கூடாது என்றார். கடவுளின் மகிமையைக் காணும் உட்கண் அவர்களுக்கு இல்லை என்பது அவர் காரணம். திறமை இருக்கலாம், புதுமையும் இருக்கலாம். கோவிலுக்குத் தகுந்த பக்தி அதில் ஊறாது என்பது வாதம்.

இந்த வாதத்துக்கு வலுவான சான்று பார்சலோனாவின் சக்ரதா ஃபமீலியா கோவில். 1883இல் அதைக் கட்டும் பணியை ஏற்ற கட்டடக் கலைஞர் அந்தோனி காவுடி, 1926இல் இறக்கும்வரை அதிலேயே கரைந்தார்; 2025இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. ஆனால் அவர் பக்தி மிதக்கும் பக்தி அல்ல. கிறிஸ்து பிறப்பு முகப்புக்காக அவர் எலும்புக்கூடுகளை ஆராய்ந்தார். கண்ணாடிகளை நிறுத்திப் பல கோணங்களில் படம் எடுத்தார். அக்கம்பக்கத்து மனிதர்கள்மீதும் விலங்குகள்மீதும் பாரிஸ் சாந்து பூசி அச்செடுத்தார். மாசில்லாக் குழந்தைகளைக் கொல்லும் உரோமை வீரனுக்கு மாதிரியாக நின்றவருக்குக் காலில் ஆறு விரல்கள். சிற்பத்திலும் ஆறு விரல்கள் இருக்கின்றன. படைப்பை உள்ளபடி மதிப்பதே படைத்தவரை மதிப்பது என்ற எண்ணம் அந்த ஆறாவது விரலில் தெரிவதாகச் சொல்லலாம்.

நிலைப்பாட்டின் பலவீனங்களும் தெளிவானவை. முதலாவது, விசுவாசிகள் செய்ததெல்லாம் நல்ல கலையாகவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் சான்-சுல்பீஸ் கோவிலைச் சுற்றியிருந்த கடைகள் ஒரே அச்சில் வார்த்த சாந்துச் சுரூபங்களை உலகெங்கும் அனுப்பின: சிவந்த கன்னம், மேல்நோக்கிய கண், இளநீல மேலாடை. தமிழ்நாட்டுப் பங்குக் கோவில்களில் இன்றும் பார்க்கும் பல மாதா சுரூபங்களில் அந்தச் சாயலைக் காணலாம். வாங்கியவரும் விற்றவரும் விசுவாசிகளே. அந்தப் பண்டத்தைக் கடுமையாகத் தாக்கியவர்களிலும் கத்தோலிக்கக் குருக்கள் இருந்தார்கள். இரண்டாவது, விசுவாசத்தை அளக்கக் கோல் இல்லை. மூன்றாவது, பெரிய வேலை எதுவும் ஒரு கையால் ஆவதில்லை. கல் உடைப்பவர், வார்ப்பவர், சாரம் கட்டுபவர், மெருகிடுபவர் என்று நீளும் வரிசையில் யாருடைய விசுவாசத்தைக் கேட்பது?

அசியில் நடந்த சோதனை

எதிர்நிலைப்பாட்டைச் சொல்லில் நிறுத்தாமல் செய்து காட்டியவர் தொமினிக் சபைக் குரு மாரி-அலேன் கூத்தூரியே. விசுவாசம் உள்ள மேதை கிடைத்தால் நல்லது. கிடைக்காதபோது திறமையற்ற விசுவாசியைவிட விசுவாசமற்ற மேதையே மேல் என்பது அவர் வழி. பெரிய கலைஞர் எவருக்குள்ளும் ஆவியின் அசைவு உண்டு என்று அவர் நம்பினார்.

பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில், காசநோய் மருத்துவமனைகள் நிறைந்த அசி மேட்டில், மோரிஸ் நொவரினா கட்டிய மாதா கோவில் 1950இல் அபிஷேகம் செய்யப்பட்டது. அதற்காகக் கூத்தூரியேவும் பங்கின் குரு தெவெமியும் திரட்டிய பெயர்கள் இன்றும் வியப்பூட்டும். முகப்பு மொசைக் பொதுவுடைமைக் கட்சிக்காரரான ஃபெர்னான் லெஜேயுடையது. சன்னல்களில் சில, பக்தியுள்ள கத்தோலிக்கரான ரூவோவினுடையவை. திருமுழுக்கு இடம் யூதரான ஷகாலுடையது. மாதா சுரூபத்தைச் செய்த ஜாக் லிப்ஷிட்ஸும் யூதர். அவர் அதை மறைக்கவில்லை. தம் முன்னோரின் விசுவாசத்தில் உறுதியாக நிற்கும் யூதனாக, மனிதர் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள இந்தக் கன்னியைச் செய்தேன் என்று சுரூபத்திலேயே பொறித்தார்.

ஆனால் புயல் கிளம்பியது இவர்கள் எவரையும் பற்றி அல்ல. சிற்பி ஜெர்மேன் ரிஷியே செய்த பாடுபட்ட சுரூபம்தான் அதைக் கிளப்பியது. வெண்கலத்தில் வார்த்த அந்த உருவத்தில் உடல் எங்கே முடிகிறது, சிலுவை எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம். கைகளே குறுக்குமரமாக நீள்கின்றன, தோல் மரப்பட்டைபோல் வெடித்திருக்கிறது, முகம் இல்லை. பார்ப்பதற்கேற்ற உருவமோ அழகோ இல்லாத துன்புறும் ஊழியனைப் பற்றி எசாயா சொன்னதையே இது காட்டுகிறது என்றனர் ஆதரித்தவர்கள். நோயாளிகள் பலர் அதில் தங்கள் உடலைக் கண்டதாகவும் சொல்லப்பட்டது. தெய்வநிந்தை என்றனர் எதிர்த்தவர்கள். 1951 ஜனவரியில் அன்ஜே நகரில் தெவெமியின் சொற்பொழிவில் அவர்கள் கூச்சலிட்டார்கள்; துண்டுப் பிரசுரம் பரவியது; ஏப்ரலில் ஆயரின் ஆணைப்படி சுரூபம் பீடத்திலிருந்து இறக்கப்பட்டது. 1952 ஜூனில் உரோமையின் திரு அலுவலகம் விடுத்த அறிவுறுத்தல், உண்மையான விசுவாசத்தையும் பக்தியையும் வெளிப்படுத்தக்கூடிய, திறமையில் சிறந்தவர்களிடம் மட்டும் வேலையை ஒப்படைக்கும்படி ஆயர்களுக்குச் சொன்னது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொதுவுடைமைக்காரரின் மொசைக் இடத்தைவிட்டு அசையவில்லை. இறக்கப்பட்டது முகமில்லாத கிறிஸ்து. அப்படியானால் உறுத்தியது உருவம். கலைஞர்களின் அவிசுவாசம் அந்த உறுத்தலுக்குப் பிறகு தேடிச் சொன்ன விளக்கம் என்று வாதிட இடமிருக்கிறது. 1969இல் அந்தச் சுரூபம் பீடத்துக்கே திரும்பி வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மாறியது பார்ப்பவர் கண்.

கூத்தூரியேவின் வழிக்கும் பலவீனம் உண்டு. புகழ்பெற்ற பெயர்களைச் சேர்த்துவிட்டால் கோவில் ஆகிவிடாது. அசியில் ஒவ்வொரு படைப்பும் தனித்தனிக் குரலில் பேசுகிறது, ஒரே வழிபாட்டு இடமாகச் சேரவில்லை என்ற குறை இன்றும் சொல்லப்படுகிறது. ஆவியின் அசைவு எல்லா மேதையிலும் உண்டு என்பதும், விசுவாசத்தைப் போலவே, அளக்க முடியாத கூற்றுத்தான்.

சங்கத்துக்குப் பின்: இரண்டு சிற்பிகள், ஒரு கோவில்

1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு இந்தப் பதற்றத்தைத் தணித்தது. எந்தக் கலைப்பாணியையும் திருச்சபை தனக்கே உரியதாகக் கொள்ளவில்லை என்றது. விசுவாசத்துக்கும் பக்திக்கும் ஒவ்வாத படைப்புகளை ஆயர்கள் அகற்றட்டும், கலைஞர்களுக்குத் திருக்கலையின் உணர்வை ஊட்டட்டும் என்றது. கவனம் மீண்டும் படைப்பின்மேல் திரும்பியது. அடுத்த ஆண்டு மே மாதம் திருத்தந்தை ஆறாம் பவுல் சிஸ்டைன் சிற்றாலயத்தில் கலைஞர்களைச் சந்தித்தபோது, ஈயப் போர்வையைப் போர்த்தி உங்களை அழுத்திவிட்டோம் என்ற பொருளில் மன்னிப்பே கேட்டார்.

புதிய சூழல் எங்கே கொண்டுபோனது என்பதை மறுபடியும் சக்ரதா ஃபமீலியாவே காட்டுகிறது. பாடுகளின் முகப்பைச் செதுக்கும் பணி ஜுசெப் மரிய சுபிராக்ஸிடம் வந்தது. தம்மை விசுவாசியாகக் காட்டிக்கொள்ளாதவர் அவர். காவுடியைப் போலச் செய்ய மாட்டேன், முழு உரிமை வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டு 1987இல் வேலை தொடங்கினார். காவுடியைப் போலவே வேலைத்தலத்திலேயே தங்கினார். கூரிய விளிம்புகள், குழிந்த கண்கள், இரும்பு உத்தரத்தில் தொங்கும் ஆடையற்ற கிறிஸ்து, முகமில்லாத வெரோணிக்கா. 1990இல் கலைஞர்களும் எழுத்தாளர்களும் கோவிலின் முன் கூடி எதிர்த்தார்கள். முதன்மைக் குற்றச்சாட்டு காவுடிக்குத் துரோகம் என்பது.

அதே கோவிலின் பிறப்பு முகப்பில், இசைக்கும் வானதூதர்களைச் செதுக்கியவர் ஜப்பானியரான எட்சுரோ சோட்டோ. 1978இல் கல் வேலைக்கு வந்தபோது அவர் கிறிஸ்தவர் அல்லர். காவுடியைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காவுடி பார்த்த திசையில் பார்க்க வேண்டும் என்று பின்னாளில் விளக்கிய அவர், வேலையின் நடுவே கத்தோலிக்கரானார்.

இந்த இருவரையும் எந்தப் பக்கத்துக்குச் சான்றாக்குவது? சோட்டோவின் கதை, விசுவாசம் வேலைக்கு முன்நிபந்தனை என்பதைவிட, சில நேரம் வேலையின் விளைவு என்பதைக் காட்டுகிறது. சுபிராக்ஸின் கதை, நம்பாதவராலும் துன்பத்தைப் பொய்யின்றிக் காட்ட முடியும் என்பதற்குச் சான்றாகலாம். உயிர்ப்பையும் மகிமையையும் அதே கையால் காட்ட முடியுமா என்பது வேறு கேள்வி. பாடுகளுக்கு மனித அனுபவம் துணை நிற்கும். உயிர்ப்புக்கும் மகிமைக்கும் அப்படி ஒரு துணை இல்லை.

விசுவாசம் இருந்தும் ஒழுக்கம் இல்லாதபோது

அண்மைக் காலத்தில் கேள்வி தலைகீழாகியிருக்கிறது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் 14 சிலுவைப்பாதைப் புடைப்புச் சிற்பங்களை 1914 முதல் 1918 வரை செதுக்கியவர் எரிக் கில். 1913இல் கத்தோலிக்கரானவர், மாரித்தேனின் சிந்தனையைப் போற்றியவர். அன்று எழுந்த முறையீடுகள் கல்லின் குளிர்ச்சியையும் உணர்ச்சியின்மையையும் பற்றியவை. 1989இல் வெளியான வாழ்க்கை வரலாறு, அவர் தம் மகள்களையே பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியதை அவருடைய நாட்குறிப்புகளிலிருந்து வெளிக்கொண்டுவந்தது. அகற்றக் கோரிக்கைகள் எழுந்தன. சிற்பங்கள் அதே தூண்களில் இருக்கின்றன.

ஸ்லொவேனியக் குரு மார்கோ ரூப்னிக்கின் மொசைக்குகள் உலகெங்கும் 200க்கு மேற்பட்ட இடங்களில் உள்ளன. பாலியல், ஆன்மிக வன்கொடுமை செய்ததாக அவர்மீது பல பெண்கள் குற்றம் சாட்டினார்கள். 2023 ஜூனில் கீழ்ப்படியாமையைக் காரணம் காட்டி இயேசு சபை அவரை நீக்கியது. வழக்கு வத்திக்கானின் விசாரணைக்குச் சென்றது. லூர்து செபமாலைப் பேராலய முகப்பில் அவர் மொசைக்குகள் உள்ளன. 2024இல் அந்த மறைமாவட்ட ஆயர் அவற்றுக்கு இரவில் விளக்கேற்றுவதை நிறுத்தினார். 2025 மார்ச்சில் பக்கவாட்டுக் கதவுகளில் உள்ள மொசைக்குகளை அலுமினியப் பலகைகள் மூடின.

வைத்திருக்கலாம் என்போர், திருவருட்சாதனத்தின் பலன் அதை நிறைவேற்றுபவரின் தூய்மையைப் பொறுத்ததல்ல என்று தொனாத்தியப் பிரிவினருக்கு எதிராக அகுஸ்தினார் வாதிட்டதை ஒப்புமை காட்டுகிறார்கள். 1606இல் கொலை செய்துவிட்டு உரோமையைவிட்டு ஓடிய கரவஜ்ஜோவின் ஓவியங்கள் இன்றும் கோவில்களில் இருப்பதைச் சுட்டுகிறார்கள். ஆனால் ஒப்புமை ஓரளவுக்கே பொருந்தும். திருவருட்சாதனம் கிறிஸ்துவின் செயல் என்பது கோட்பாடு. சிற்பமோ கண்வழியும் நினைவுவழியும் வேலை செய்கிறது. தெரிந்ததைத் தெரியாததாக்கிக்கொண்டு பார்க்கும்படி கண்ணுக்குக் கட்டளையிட முடியாது. கரவஜ்ஜோவின் காலத்தவர் எவரும் இன்று இல்லை. லூர்துக்கு வரும் திருப்பயணிகளில் வன்கொடுமைக்கு ஆளானவர்கள் இருக்கிறார்கள். அகற்ற வேண்டும் என்போருக்கும் ஒரு சிக்கல்: எத்தனை ஆண்டு கழிந்தால், எந்த அளவுக் குற்றமானால், எந்தக் கல்லை எடுப்பது என்பதற்கு அவர்களிடமும் கோல் இல்லை.

தீர்ந்ததும் தீராததும்

முதல் கேள்வியில் பெருமளவு உடன்பாடு உண்டு. படைப்பின் தகுதி படைத்தவரின் ஆன்மநிலையிலிருந்து வருவதல்ல என்பதே நீசேயாவிலிருந்து வத்திக்கான்வரை சங்க ஏடுகளின் போக்கு; பன்னிரண்டாம் பயஸின் கடுமை அதில் ஒரு விலக்காகவே படுகிறது. இரண்டாவது கேள்வியில் சான்றுகள் கலந்து கிடக்கின்றன. நம்பாதவர் நல்ல திருவுருவம் செய்திருக்கிறார், நம்புகிறவர் மோசமாகவும் செய்திருக்கிறார் என்பதற்கு மேல் பொதுவிதி வகுக்க முடியும் என்று தோன்றவில்லை.

மூன்றாவது கேள்வியே திறந்து நிற்கிறது. மேலே கண்ட நிகழ்வுகளை ஒருசேரப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தென்படுகிறது: உருவமும் மக்களும் இணங்கியிருக்கும்வரை செய்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. அசியில் உருவம் உறுத்தியபோது விசுவாசம் விசாரிக்கப்பட்டது. வெஸ்ட்மின்ஸ்டரிலும் லூர்திலும் வாழ்க்கை உறுத்தியபோது, பழகிப்போன உருவங்களும் சந்தேகத்துக்கு ஆளாயின. முதல்வகை உறுத்தலைக் காலம் ஆற்றியிருக்கிறது. இரண்டாம் வகையையும் அது ஆற்றுமா, ஆற்றத்தான் வேண்டுமா என்பதற்கு அசியின் அனுபவம் வழிகாட்டாது. படைப்பில் குறை இருந்தால் அகற்ற ஆயருக்குச் சங்கம் அதிகாரம் தந்திருக்கிறது. குறை படைத்தவரிடம் இருந்து, வேலையோ சுவரோடு பதிந்திருந்தால் என்ன செய்வது என்று அந்த ஏடுகள் பேசவில்லை. 2025 மார்ச்சில் லூர்தில் கதவுகளில் உள்ளவை மட்டும் மூடப்பட்டன, மேலே உள்ள மொசைக்குகள் மூடப்படவில்லை. விடையும் இன்று அந்த அளவில்தான் நிற்கிறது.